பொட்டலத்தின் பின்பக்கம்

காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியும். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்த சில்க் மார்க் முத்திரை, புடவையின் நூல் சுத்தப் பட்டு என்று உறுதி சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு, சரிகையும் அசல்தான் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. சரிகைக்குத் தனிச் சோதனை உண்டு. சாயம் போகுமா, விலை நியாயமா, பெண்ணுக்கு நிறம் எடுக்குமா என்பதெல்லாம் அதற்கும் அப்பாற்பட்ட விசாரணைகள். இவ்வளவு கறாராகப் புடவை வாங்கும் அதே குடும்பம், இயற்கை அங்காடிக்குள் நுழைந்ததும் விசாரணையை வாசலிலேயே விட்டுவிடுகிறது. ‘ஆர்கானிக்’ என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தால் போதும். அதில் சத்து அதிகம், சர்க்கரை ஏறாது, உடம்பு இளைக்கும், புற்றுநோய் அண்டாது என்று நான்கைந்து முடிவுகளை நாமே எடுத்துக்கொள்கிறோம். முத்திரை இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. பயிர் எப்படி விளைந்தது என்பதுதான் அது தரும் தகவல். உடம்புக்கு நல்லதா என்பது பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகு, ஆலையிலும் அடுப்படியிலும் தட்டிலும் தீர்மானமாகிறது. இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது இதைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். இந்தியாவில் இயற்கை விளைபொருளுக்கு இரண்டு சான்று வழிகள் உள்ளன. ஒன்று, 2001-ல் ஏற்றுமதியை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்ட தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். மற்றொன்று, விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறை. இரண்டையும் ஏற்று, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-ல் விதிகளை வகுத்து ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் சான்று தரும் அரசுத் துறை கோவையில் இருக்கிறது. 2023-ல் மாநில அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையையும் வெளியிட்டது. இந்த விதிகள் எல்லாமே நிலத்தையும் உற்பத்தி முறையையும் பற்றியவை: ரசாயன உரம் கூடாது, செயற்கைப் பூச்சிமருந்து கூடாது, மரபணு மாற்றிய விதை கூடாது, பழைய நிலம் இயற்கை முறைக்கு மாற ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டும் மரப்பயிர்களுக்கு மூன்று ஆண்டும் காத்திருக்க வேண்டும். முறைப்படி விளைந்த கரும்பிலிருந்து எடுத்த வெள்ளைச் சர்க்கரைக்கும், முறைப்படி விளைந்த கோதுமையின் மைதாவுக்கும், அந்த மைதாவில் பொரித்த முறுக்குக்கும் இதே முத்திரை கிடைக்கலாம். அதில் சட்டமீறல் ஏதும் இல்லை.

முத்திரை உறுதி சொல்லும் அந்த ஒரு விஷயத்திலாவது கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? பெரும்பாலும் நம்பலாம், எப்போதும் அல்ல. 2020-ல் ஐரோப்பாவுக்குப் போன இந்திய எள்ளில், கிருமி நீக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு கண்டுபிடிக்கப்பட்டது. அதில் இயற்கை எள் என்று சான்று பெற்றதும் இருந்தது. அதன் தொடர்ச்சியாக இந்தியாவில் இயங்கிய ஐந்து சான்று நிறுவனங்களின் அங்கீகாரத்தை ஐரோப்பிய ஒன்றியம் ரத்து செய்தது. நேர்மாறான நிலைமையும் உண்டு. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்து நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆக, முத்திரை இல்லாத கீரைக்கட்டு சுத்தமானதாக இருக்கலாம்; முத்திரையுள்ள எள் அப்படி இல்லாமலும் போகலாம்.

சத்து விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியிட்ட முடிவு பரபரப்பாகப் பேசப்பட்டது: இயற்கை விளைபொருள்களில் வைட்டமின்களோ தாதுக்களோ குறிப்பிடும்படி அதிகம் என்பதற்கு வலுவான சான்று இல்லை. இரண்டு ஆண்டு கழித்து இங்கிலாந்தின் நியூகாசில் குழு 343 ஆய்வுக் கட்டுரைகளை அலசி வேறொரு படம் காட்டியது. இயற்கைப் பயிர்களில் பாலிஃபீனால் போன்ற எதிர் ஆக்ஸிகரணிகள் அதிகம், காட்மியம் என்ற நச்சு உலோகம் ஏறத்தாழ பாதி, பூச்சிமருந்து எச்சம் தென்படும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. புரதம் மட்டும் சற்றுக் குறைவு. இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால் முரண்பாடு அவ்வளவு பெரிதில்லை. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண், பறித்த நேரத்துக்கு நேரம் இருக்கும் வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் அது சிறியது. விடியற்காலையில் பறித்து உழவர் சந்தைக்கு வந்த சாதாரண முருங்கைக்கீரையோடு, நான்கு நாள் குளிர்பெட்டியில் வாடிய இயற்கை முருங்கைக்கீரை வைட்டமின் சி-யில் போட்டி போட முடியாது.

உடனே வரும் மறுப்பு பூச்சிமருந்து பற்றியது. இதுதான் இந்த வாதத்துக்கு எதிரே நிற்கும் மிக வலுவான மறுப்பு; ஒரு வரியில் தட்டிவிட்டுப் போகக் கூடாது. சியாட்டில் நகரத்தில் 23 பள்ளிக் குழந்தைகளின் வழக்கமான உணவை ஐந்து நாள் மட்டும் இயற்கை உணவாக மாற்றிப் பார்த்தார்கள். அவர்களின் சிறுநீரில் இருந்த மாலத்தியான், குளோர்பைரிபாஸ் எச்சங்கள் அளவிடவே முடியாத அளவுக்கு உடனே விழுந்தன. 2006-ல் வெளியான இந்த ஆய்வை யாரும் பொய்யாக்கவில்லை. கலிஃபோர்னியாவின் விவசாயக் கூலிக் குடும்பங்களில், கர்ப்பத்தின்போது இவ்வகை மருந்துகளுக்கு அதிகம் ஆட்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பின்னாளில் அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்திருந்ததையும் கண்டார்கள். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில், கையில் காசும் நம்பகமான விவசாயியும் இருந்தால் கீரைக்கும் காய்க்கும் கூடுதல் விலை கொடுப்பதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எச்சம் குறைவது ஒன்று. நோய் குறைவது வேறு. முதலாவது நிரூபணமாகியிருக்கிறது, இரண்டாவதுக்கான சான்று இன்னும் தள்ளாடுகிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வட மாவட்டங்களில் புற்றுநோய் என்றதும் நினைவுக்கு வரும் இடம் அது. பூச்சிமருந்து அச்சத்தின் அடியில் இருப்பதும் அந்த நோய்தான். இயற்கை உணவு அதைத் தடுக்குமா என்று பார்த்த ஆய்வுகளில் இரண்டு பெரியவை. பிரான்சில் சுமார் 69 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இயற்கை உணவு மிக அதிகம் உண்டவர்களிடம் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு என்று 2018-ல் சொன்னது. பிரிட்டனில் 6 லட்சத்து 23 ஆயிரம் பெண்களை ஒன்பது ஆண்டுக்கு மேல் கவனித்த ஆய்வு, மொத்தப் புற்றுநோயில் எந்தக் குறைவும் இல்லை என்று 2014-லேயே சொல்லியிருந்தது. பிரெஞ்சு ஆய்வில் இயற்கை உணவு உண்டவர்கள் படிப்பிலும் வருமானத்திலும் மேலே இருந்தவர்கள், காய்கனி அதிகம் உண்டவர்கள். கணக்கில் இதையெல்லாம் சரிசெய்தார்கள்தான், ஆனாலும் முழுவதும் பிரித்தெடுப்பது கடினம். நம் நாட்டில் புற்றுநோய்க்குக் காரணங்கள் என்று உறுதியாகத் தெரிந்தவை புகையிலை, பாக்கு, மது, சில தொற்றுகள். இயற்கைச் சோற்றைத் தின்றுவிட்டுப் பான்பராக் போடுகிறவரை எந்த முத்திரையும் காப்பாற்றாது.

ரசாயனம் ஒன்றுதான் உணவில் ஆபத்து என்ற நினைப்பும் சரியில்லை. 2011-ல் ஜெர்மனியின் வடபகுதியில் முளைகட்டிய பயறு தின்றவர்களில் ஏறக்குறைய நான்காயிரம் பேர் நோயுற்று 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முளை வந்தது ஓர் இயற்கைப் பண்ணையிலிருந்து. காரணம் எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தில் ஒட்டியிருந்த ஈ.கோலை கிருமி. நம்மூர்க் கடலையில் பிடிக்கும் பூஞ்சையும் அப்படித்தான். அது சுரக்கும் அஃப்ளடாக்ஸின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயமின்றித் தெரிந்த உண்மை. அதுவும் முழுக்க முழுக்க இயற்கையின் சரக்கு. மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயின் மணம் உசத்திதான். ஆனால் பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி எறியாமல் ஆட்டினால் நஞ்சு எண்ணெயிலும் இறங்கும்; பலர் வெறுக்கும் சுத்திகரிப்புதான் அதை நீக்குகிறது. செக்குக்காரர் கடலையை எப்படிக் காயவைக்கிறார், எப்படிப் பொறுக்குகிறார் என்று கேட்காமல் ‘மரச்செக்கு’ என்ற பலகையை மட்டும் பார்ப்பது போதாது. தேங்காய் எண்ணெயை எந்தச் செக்கில் ஆட்டினாலும் அதில் 90 சதவீதம் நிறைகொழுப்புதான். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான்.

இயற்கை வேளாண்மைக்கு இருக்கும் மிகச் சிறந்த நியாயம் உண்பவரின் உடம்பில் இல்லை, உழுபவரின் உடம்பில் இருக்கிறது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளும் 20 பேருக்கு மேல் நஞ்சேறி இறந்தார்கள். தட்டில் மில்லிகிராமில் ஒரு சிறு பின்னமாக வருவது, தெளிப்பவரின் தோலிலும் மூச்சிலும் பல மடங்காக வருகிறது. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசியதும், ‘நெல்’ ஜெயராமன் மரபு ரகங்களைத் தேடிச் சேர்த்ததும் மண்ணுக்காகவும் விதைக்காகவும் விவசாயியின் கடனுக்காகவும்தான். இந்தக் காரணங்களுக்காக ஒருவர் இயற்கை அரிசிக்குக் கூடுதல் விலை கொடுத்தால் அது முழுக்க நேர்மையான செலவு. அதே விலையைச் சர்க்கரை நோய்க்கு மருந்தாக நினைத்துக் கொடுத்தால்தான் சிக்கல்.

அந்தச் சிக்கலைச் சிறுதானியத்தில்தான் தெளிவாகப் பார்க்கலாம். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு எல்லாம் இயற்கை அங்காடியின் முன்வரிசைக்கு வந்துவிட்டன. காரணமில்லாமல் அல்ல. 65 ஆய்வுகளைத் தொகுத்து ஐதராபாத்தின் இக்ரிசாட் நிறுவனத்தார் 2021-ல் வெளியிட்ட கட்டுரையின்படி சிறுதானியங்களின் சராசரி கிளைசீமிக் குறியீடு, அதாவது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்தின் அளவு, 52.7; தீட்டிய அரிசியையும் மைதாவையும் விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. சரி, நாம் வாங்குவது அந்தச் சிறுதானியமா? சாமையை ஒரு பிடி கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தத் தானியங்களுக்கு மேலே கெட்டியான உமி. அதை நீக்கியே ஆக வேண்டும், உமியோடு மனிதரால் தின்ன முடியாது. அதற்குள்ளே மெல்லிய தவிட்டுப் படலம். நார், பி வைட்டமின்கள், தாதுக்கள், பாலிஃபீனால் எல்லாம் குவிந்திருப்பது இந்தப் படலத்திலும் அதை ஒட்டிய முளைப்பகுதியிலும்தான். தவிடு இருக்கும் சாமை சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில், தொட்டால் லேசாகச் சொரசொரப்பாக இருக்கும். அங்காடியில் பளபளவென்று குருணை அரிசிபோல் வெளுத்துக் கிடப்பது தீட்டப்பட்டது. ஏன் தீட்டுகிறார்கள்? தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. சில வாரங்களில் காறல் வாடை வந்துவிடும். மாதக்கணக்கில் அலமாரியில் இருக்க வேண்டிய சரக்குக்கு அது கட்டுப்படியாகாது. தீட்டியது சீக்கிரம் வேகும், வெள்ளையாக இருந்தால் வாங்குகிறவருக்கும் பிடிக்கும். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐதராபாத் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இந்த ஐந்து தானியங்களையும் தவிட்டோடும் தவிடு நீக்கியும் ஒப்பிட்டு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், தீட்டியதும் புரதம், நார், தாதுக்கள் குறைந்து மாவுச்சத்தின் பங்கு ஏறியது. அரிசிக்கு ஆலை என்ன செய்ததோ அதையேதான் சிறுதானியத்துக்கும் செய்கிறது. விலை மட்டும் வேறு.

கேழ்வரகின் கதை கொஞ்சம் வேறு. அதற்கு உரிக்க வேண்டிய கெட்டி உமி கிடையாது. தோலோடு அப்படியே அரைபடுகிறது. அதனால் தவிடு தப்பிக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய பச்சரிசியில் 8-க்கும் குறைவு. நார் 11 கிராம். அரிசியில் 3-க்கும் கீழே. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் ஊற்றும் கூழை, சின்ன வெங்காயத்தோடும் முருங்கைக்கீரைப் பொரியலோடும் குடிப்பது நல்ல சாப்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் அதே கேழ்வரகை நைஸாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை போட்டுக் கஞ்சியாக்கினால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும். முழுத் தானியமாக இருந்தபோது செரிமான நொதிகளுக்குத் தடையாக நின்ற செல் சுவர்களை மாவு மில் உடைத்துவிட்டது. மிச்சத்தைக் கொதிநீர் முடித்துவிட்டது. ‘ராகி நூடுல்ஸ்’, ‘ராகி பிஸ்கட்’ நிலைமை இன்னும் மோசம். பொருள்களை அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முன்பக்கத்தில் கேழ்வரகுக் கதிரின் படம் போட்ட பல பொட்டலங்களின் பின்பக்கத்தில் முதலில் நிற்பது மைதா அல்லது கோதுமை மாவு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியோடு நடந்த இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் கணக்குச் சொன்னது, வயதுவந்தோரில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டின் விகிதம் அதைவிட அதிகம். அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியானது. நாம் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பது அதன் ஒரு முடிவு. அதைவிட முக்கியமான இன்னொரு முடிவை இயற்கை அங்காடிகளின் சுவரில் எழுதி வைக்கலாம்: வெள்ளை அரிசியையோ மைதாவையோ எடுத்துவிட்டு அதே அளவு முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்தால் நீரிழிவு அபாயம் குறையவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் வழியாகப் புரதம் வந்தபோதுதான் குறைந்தது. கருப்புக் கவுனிக்கும் இது பொருந்தும். அதன் கருநீல நிறத்தில் ஆந்தோசயனின் இருக்கிறது, நாரும் உண்டு, நல்லதுதான். ஆனால் அதுவும் அரிசிதான். மூன்று கரண்டி வைக்கும் இடத்தில் நான்கு கரண்டி வைத்தால் கவுனி என்பதற்காகக் கணையம் சலுகை காட்டாது.

காஞ்சிபுரத்துக்கே உரிய ஓர் உணவில் இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம். வரதராஜப் பெருமாள் கோயிலின் பிரசாதமான கோயில் இட்லி, அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்துப் புளித்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைப்பது. சாதாரண இட்லியைவிட இதில் உளுந்தின் பங்கு கூடுதல், ஆகவே புரதமும் கூடுதல். புளிப்பதால் பி வைட்டமின்கள் சற்று ஏறுகின்றன. தாதுக்களைக் கட்டிவைக்கும் ஃபைட்டேட் குறைகிறது. ஆவியில் வெந்தது, எண்ணெயில் பொரியவில்லை. அரைத்த அரிசி என்பதால் சர்க்கரையை ஏற்றும் குணமும் போய்விடவில்லை, நெய்யும் இருக்கிறது. ஆக, இது ஆரோக்கியமான உணவா? கோயிலில் ஒரு துண்டு கையில் வாங்கிச் சாப்பிடும்போது ஆம். இதே பெயரில் உடனடி மாவு வாங்கி, காலையில் ஆறு, இரவில் ஆறு என்று சாப்பிட்டால் இல்லை. அரிசிக்குப் பதில் இயற்கை அரிசி போட்டாலும் இந்தப் பதில் மாறாது. உளுந்தைக் கூட்டினால் கொஞ்சம் மாறும், எண்ணிக்கையைக் குறைத்துச் சாம்பாரில் பருப்பும் காயும் கூட்டினால் நிறைய மாறும்.

இனிப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் நான்கிலும் மிகப் பெரும்பகுதி சர்க்கரைதான். நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்புக்குள் தேனும் அடங்கும். வெல்லத்தில் இரும்புச்சத்து இருப்பது உண்மை. அதற்காக வெல்லம் தின்பவர் இரும்பு சேருமுன் சர்க்கரையைச் சேர்த்துவிடுவார். போதாக்குறைக்கு, வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றிக் காய்ச்சிய வெல்லத்தைச் சேலம் பக்கத்து ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். இளஞ்சிவப்பு இமயமலை உப்பும் ஏறத்தாழ முழுக்கச் சோடியம் குளோரைடுதான். ரத்த அழுத்தத்துக்கு நிறம் தெரியாது. அயோடின் சேர்த்த உப்பை விட்டு அதற்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் அயோடினையும் இழக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் ஏமாறுகிறோம்? பேராசையோ அறியாமையோ மட்டும் காரணமல்ல. மூளை வேலை செய்யும் விதம் அப்படி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் ஒரே வகை பிஸ்கட்டைப் பற்றிக் கேட்டார்கள். சிலருக்கு அது இயற்கை மாவிலும் இயற்கைச் சர்க்கரையிலும் செய்தது என்ற குறிப்போடு. கலோரி அளவைக் கண்முன்னே எழுதிக் கொடுத்திருந்தும், இயற்கை பிஸ்கட்டில் கலோரி குறைவு, அதை அடிக்கடி சாப்பிடலாம் என்று அந்த மாணவர்கள் சொன்னார்கள். 2010-ல் வெளிவந்த ஆய்வு இது. ஒரு நற்பெயர் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒளி பூசிவிடுகிறது; விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பெயரில் பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த இனிப்பு மாவுப் பானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது என்பது விசாரணையில் வெளிப்பட்டது. 2024 ஏப்ரலில் போர்ன்விட்டா உள்ளிட்டவற்றை அந்தத் தலைப்பிலிருந்து நீக்குமாறு மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு எழுதியது. ஹார்லிக்ஸும் அந்த அடைமொழியைக் கைவிட்டது. வயிற்றுப்போக்குக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த உப்புசர்க்கரைக் கரைசலில் (ஓ.ஆர்.எஸ்.) லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கும். அதைவிடப் பல மடங்கு சர்க்கரை உள்ள பழரசப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் வைத்துக்கொண்டு மருந்துக்கடையிலேயே விற்றன. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடியபின் 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது.

இன்னொரு மறுப்பு எல்லா வீட்டிலும் கேட்பது: நம் தாத்தா பாட்டி இதையெல்லாம் சாப்பிட்டுத்தானே தொண்ணூறு வயது வரை இருந்தார்கள்? சுதந்திரம் கிடைத்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வயது. குழந்தையிலேயே போனவர்களைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் இல்லை. தப்பிப் பிழைத்த தாத்தாவைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அவர் கம்பங்களி தின்றார் என்பது சரி; பொழுது முழுவதும் ஏர் பிடித்தார் என்பதும் சரி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக் குழித்தறியில் உட்கார்ந்து, கால் மிதியை மட்டும் அசைத்து, காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை நாடா எறியும் நெசவாளிக்குக் கண்ணும் கையும் முதுகும் ஓய்கின்றனவே தவிர, உழவர் எரித்த கலோரி எரிவதில்லை. கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும், தொழிற்சாலை வேலைக்கு ஒரகடம் பக்கம் பேருந்தில் போய்வருகிறவருக்கும் இதே கதைதான். தாத்தாவின் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தாத்தாவின் உழைப்பை விட்டுவிட்டால் கணக்கு நேராகாது.

கடைசியாக ஒரு நியாயமான மறுப்பு: குறையிருந்தாலும், ஜனங்கள் பரோட்டாவிலிருந்து சாமைக்கு மாறுவது நல்லதுதானே, அதை ஏன் கலைக்க வேண்டும்? காசு தாராளமாக இருக்கும் வீட்டுக்கு இந்தக் கேள்வி பொருந்தும். கூலிக்கு நெய்யும் குடும்பத்துக்குப் பொருந்தாது. அங்கே இயற்கை அரிசிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வேறெதிலிருந்தோ எடுக்கப்படுகிறது. பெரும்பாலும் பழத்திலிருந்தும் முட்டையிலிருந்தும். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பை முழுவதும் வாங்கி, வாரத்தில் மூன்று நாள் சுண்டல், தினம் ஒரு கீரை, சோற்றில் ஒரு கரண்டி குறைவு என்று வைத்துக்கொண்டால், எந்தப் பச்சை முத்திரையும் தராத நன்மை அதே செலவுக்குள் கிடைக்கும். பூச்சிமருந்து எச்சத்துக்குப் பயந்து சாதாரணக் காய்கறியையே குறைத்துக்கொள்வது, உள்ளதில் மிகத் தவறான முடிவு. நாளைக்கு 400 கிராம் காய்கனி என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு சாதாரணக் காய்கனியை வைத்தே போடப்பட்டது. ஓடும் நீரில் நன்றாகக் கழுவினால் மேலே ஒட்டியதில் ஒரு பங்கு போய்விடும்.

சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமுள்ள பொட்டலங்களின் முன்பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்க வேண்டும் என்ற யோசனைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வரைவு வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மூன்று மாதக் கெடு விதித்தது. கெடு பிறகு நீட்டிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வரும்வரை, பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கத்தின் முதல் மூன்று பொருள்களையும் 100 கிராமில் உள்ள சர்க்கரையையும் படியுங்கள். சில்லறையில் தானியம் வாங்கினால் நிறத்தைப் பாருங்கள். அங்காடிக்காரரிடம், “அண்ணே, தீட்டாத சாமை இருக்கா?” என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதமும் கேளுங்கள். வெள்ளையாக இருந்தால்தான் விற்கும் என்று ஆலைக்காரரிடம் சொல்லிவைத்தவர்கள் வாங்குகிறவர்களாகிய நாம்தான். கேட்பவர் பத்துப் பேர் சேர்ந்தால் தவிட்டோடு சாமை காஞ்சிபுரத்துக்கும் வரும்.